ஒற்றைக் கைக் கவ்வி

மார்ச் 9

ஐயா,

விளையாட்டு மற்றும் தூண்டில் சாமான்கள் கண்காட்சியில், கடைசி வரிசையில் நின்று சரக்கைப் பற்றி விளக்கிய தங்களுக்கு, அங்கே வந்துபோன வாடிக்கையாளர் ஒருவர் எழுதிக்கொள்வது.

என்னை நினைவிருக்காது. சாம்பல் நிற வேலைக் கோட்டு போட்டிருந்தேன். முழங்கையில் எண்ணெய்க் கறை, பையில் அளவுகோல். தங்கள் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க. தூண்டில் போடுற பழக்கம் உண்டுங்களா?" என்று தாங்கள் அன்பாகக் கேட்டீர்கள். "வீட்டுக்காரருக்கு உண்டுங்க" என்றேன்.

பிறகு அந்தச் சின்ன எஃகுக் கவ்வியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். தூண்டில் நரம்பின் நுனியில் இதைக் கட்டிவிட்டால் போதும், முள்ளை மாற்ற முடிச்சு அவிழ்க்க வேண்டாம், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் வாய் திறக்கும், பழைய முள் கழன்று புது முள் ஏறிவிடும், ஒரே கை போதும் என்றீர்கள். நன்றாகத்தான் விளக்கினீர்கள், குறை சொல்ல முடியாது. "எங்க அண்ணனுக்கு வலது கை விழுந்துபோச்சுங்கம்மா. ஒத்தக் கையால முள்ளு மாத்த முடியலன்னு தூண்டிலையே தூக்கிப் போட்டுட்டாரு. அதப் பாத்துத்தான் நாங்க இதக் கண்டுபிடிச்சோம்" என்றீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நானும் சேர்ந்து கொட்டினேன்.

வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு குறை. "ஈரக் கையில வழுக்காதாங்களா?" என்று கேட்டேன். "வழுக்கவே வழுக்காதும்மா" என்றீர்கள். கட்டைவிரல் படும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வரி வெட்டியிருக்க வேண்டும். தங்கள் கவ்வியில் வரியையே காணோம், கண்ணாடி மாதிரி பளபளத்தது. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், ஒரு பக்கச் சட்டைக் கை காலியாகத் தொங்க, தங்கள் பேச்சை நம்பி ஒன்று வாங்கிப்போனார்.

தங்கள் அண்ணனுக்கு என் அனுதாபங்கள். அவருக்கு மனைவி உண்டா என்று தாங்கள் சொல்லவில்லை. இருந்தால் அவருக்கும்.

இப்படிக்கு,
தங்களால் "அம்மா" என்று அழைக்கப்பட்ட ஒருவர்


மார்ச் 14

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டேய்" என்று ஆரம்பித்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "தாங்கள்" என்று எழுதிவிட்டீர்களே அண்ணி. என்னை அரை டவுசரில் பார்த்தவர் நீங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலாளி என்னை வேலைக்கு எடுத்ததே அந்தக் கவ்வியைப் பார்த்துத்தான். "யாருப்பா செஞ்சது?" என்றார். "எங்க பட்டறையில செஞ்சதுங்க" என்றேன். இதுவரை பொய் இல்லை. "நீயா?" என்றார். தலையை ஆட்டினேன். ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் ஒரு மாதிரியாக ஆட்டி வைத்தேன், அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அவர் ஆமா என்று எடுத்துக்கொண்டார். "கண்டுபிடிச்சவனே பேசினாத்தான்யா சரக்கு போகும்" என்று கண்காட்சியில் நிறுத்திவிட்டார். என் பேருக்குக் கீழே "கண்டுபிடிப்பாளர்" என்று கார்டு வேறு அடித்துக் கொடுத்தார். அந்தக் கார்டை யாருக்கும் கொடுக்கும்போது நான் அதைப் பார்ப்பதில்லை.

நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவே இல்லை. தூரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கார்டுகளைப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன். "வாங்க அண்ணி" என்றுதான் வாய்வரை வந்தது. வெளியே வந்தது "வாங்கம்மா". ஒருமுறை சொன்ன பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நீங்களும் "உண்டுங்க", "சரிங்க" என்று பேசினீர்களா, என்னைக் காப்பாற்றத்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து மனசுக்குள் கும்பிட்டேன்.

வரி விஷயம். நீங்கள் செய்து அனுப்பிய முதல் பெட்டியைப் பிரித்ததும் முதலாளி விரலால் தடவிப் பார்த்து "இதென்னய்யா கீறலா இருக்கு?" என்றார். "தேய்ச்சுப் பாலிஷ் போட்டுடலாம் சார்" என்று சொன்னவன் நான்தான். அது கீறல் இல்லை என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் லேத்தில் அந்த வரியை வெட்டும்போது எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றவன் நான். ஏன் வெட்டினோம் என்று சொல்லப் போனால் பேச்சு உங்களிடம் வந்து நிற்கும். அந்தப் பயம்.

ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகாது அண்ணி. நான் பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டேன். முதல் பெட்டி விற்றும் போய்விட்டது. அடுத்த மாதம் ஏரியில் தூண்டில் போட்டி நடக்கிறது, கூட்டத்துக்கு முன்னால் நானே ஒற்றைக் கையால் செய்துகாட்டப் போகிறேன். அது மட்டும் நல்லபடியாக முடியட்டும், பிறகு முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் கொழுந்தன்
(இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால்)


மார்ச் 19

டேய்,

கேட்டாயே, இந்தா வாங்கிக்கொள்.

உன்னைக் காப்பாற்ற நான் "சரிங்க" போட்டேனா? நல்ல கதை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கறைக் கோட்டோடு அந்த விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்றதற்கு வெட்கம். என் கையால் செய்த சாமானை எனக்கே ஒருவன் விளக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு கேட்டதற்கு வெட்கம். நான் என்னடா தப்பு செய்தேன்? தப்பு செய்தவன் நீ, காது சுடுவது எனக்கு. கிளம்பும்போது "ரொம்ப நன்றிங்க சார்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த "சார்" வாயிலேயே கசந்துகொண்டிருந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எல்லோர் வாயிலும் "எங்க", "நாங்க"தான். எங்க வீட்ல இப்படித்தான் பண்ணுவோம், நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம், எங்க பட்டறைக்குள்ள பொம்பளைங்க வர்றதில்ல. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் இன்னும் வெளியாள் என்பது அவர்கள் நாக்குக்குத் தெரிந்திருந்தது. நீதான், முன்பல் விழுந்த வாயோடு, "அண்ணி, நம்ம பட்டறையப் பாக்க வர்றீங்களா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். விளையாட்டுப் போட்டியில் எறிவார்களே, அந்த எறிகுண்டு கடைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமும் இரும்பு வாசமும் எனக்குப் பிடித்துப்போனது. லேத்தை நான் முதன்முதலில் தொட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாயால்தானே என் முகத்தைப் பார்த்து "நாங்க கண்டுபிடிச்சோம்" என்றாய்? "எங்க அண்ணன்" என்று என்னிடமே சொன்னாயே. அப்படியென்றால் நான் யாருடா?

சரி, என் கதை கிடக்கட்டும். சட்டைக் கை காலியாகத் தொங்கிய அந்தப் பெரியவரை நினைத்தால்தான் எனக்கு லேத்தில் கை ஓடவில்லை. நீ உலர்ந்த கையால் அழுத்திப் பார்த்திருப்பாய். மீன் பிடிக்கிற கையில் தண்ணீரும் செதிலும் இருக்கும். வழுக்கி முள் கையில் ஏறினால் இரண்டு கை உள்ளவன் இன்னொரு கையால் எடுத்துக்கொள்வான். அவர் எந்தக் கையால் எடுப்பார்? ஒற்றைக் கைக்காரர்களுக்கென்றே செய்த சாமான் அவர்களுடைய ஒரே கையைக் குத்தினால் அதற்குப் பேர் கண்டுபிடிப்பா? விற்றதையெல்லாம் திருப்பி வாங்கு. போட்டியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

உன் அண்ணன் "தம்பியப் பாத்தியா?" என்று கேட்டார். "ஒரே கூட்டம், பாக்க முடியல" என்றேன். உனக்காகச் சொன்ன பொய் இல்லை. தன் கையைச் சொல்லி நீ வியாபாரம் செய்வது தெரிந்தால் அவர் உடைந்துவிடுவார். வாழ்க்கையில் அவரிடம் நான் உண்மையை முழுங்கிப் பேசுவது இதுதான் முதல்தடவை. அதுவும் உன்னால்தான்.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணி,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஏரிக்குப் போனேன்.

நல்ல கூட்டம். மேடை மாதிரி பலகை போட்டிருந்தார்கள். ஒற்றைக் கைதான் வேலை செய்கிறது என்று தெரியவேண்டும் என்பதற்காக இடது கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பு வாரோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். நன்றாக இறுக்கிக் கட்டுங்கள் என்று நானேதான் சொன்னேன். முதல் முறை சரியாக வந்தது. கைதட்டினார்கள். அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "கையத் தண்ணியில நனைச்சுட்டுச் செய்ங்க பாப்போம்" என்றாள். உங்கள் குரல் மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், நீங்கள் இல்லை.

நனைத்தேன். அழுத்தினேன். வழுக்கியது. மூன்று முனை முள், கட்டைவிரலில் நேராக ஏறி உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். ஆட்டுகிறேன், இழுக்கிறேன், வரவில்லை. கூட்டம் இதுவும் வேடிக்கைதான் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. அண்ணன் தூண்டிலைத் தூக்கிப் போட்ட நாளும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன், நினைவிருக்கிறதா?

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு தயங்கித் தயங்கி எழுதியிருக்கமாட்டேன். முதலாளி ஓடிவந்து "என்னய்யா ஆச்சு?" என்றார். விரலில் ரத்தம் சொட்டுகிறது. அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பட்டறைக்காரங்க செஞ்ச தப்பு சார்."

பட்டறைக்காரங்க. நீங்கள்தான்.

முள்ளை ஒரு நர்ஸ் எடுத்துவிட்டார். வலி போய்விட்டது. அந்த வார்த்தை மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சீ என்று இருக்கிறது அண்ணி. கண்ணாடி பார்த்துச் சவரம்கூடச் செய்யவில்லை. அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று இனி கேட்கமாட்டேன்.


ஏப்ரல் 21

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் நானே கொடுத்தேன். உறையைப் பார்த்துவிட்டு "இது என் எழுத்து மாதிரியில்ல இருக்கு?" என்று சிரித்தார். கை விழுந்த பிறகு அவர் இடது கையால் பழகிய எழுத்தும் இதே மாதிரி கோணல்தானே. பிறகு படித்தார். சிரிப்பு போய்விட்டது. "முன்னாடி நடந்தது என்ன?" என்று கேட்டார். கண்காட்சியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நீயும் கூட்டம்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்க" என்றார். ஆமாம் என்றேன்.

அன்று முழுக்க நான் விளக்கம் சொல்லப் போனால் எழுந்து வெளியே போனார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "என் கைய ஊரெல்லாம் காட்டினானே, அதுகூடப் போகட்டும். உன் கைய மறைச்சுட்டானே" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நானும்தான்.

பட்டறைக்காரங்க என்று சொன்னாய் அல்லவா? அந்தப் பட்டறைக்காரி சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அழுகைக் கடிதம் எனக்கு வேண்டாம். அழுதால் கவ்விக்கு வரி வந்துவிடுமா? ரசீதில் விலாசம் இருக்கும், வாங்கினவர்கள் வீடு வீடாகப் போ. ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கு. அந்தப் பெரியவர் வீட்டுக்கு முதலில் போ. எல்லாவற்றையும் இங்கே அனுப்பு, வரி வெட்டித் தருகிறேன். வேலை போனால் போகட்டும். உன் முதலாளி விஷயம் உன் பாடு.

விரலை வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவை. துருப்பிடித்த முள்ளாக இருந்தால் ஊசி போட்டாயா இல்லையா? அதை எழுதவே இல்லை, முட்டாள்.

அண்ணி


மே 6

அண்ணி,

ஊசி போட்டாயிற்று. விரல் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் நிற்கும் என்கிறார்கள். நிற்கட்டும்.

முதலாளியிடம் சொன்னேன். கார்டுகளையெல்லாம் மேசைமேல் வைத்துவிட்டு, "இதச் செஞ்சது நானில்ல சார், எங்க அண்ணி. அன்னைக்குக் கண்காட்சிக்கு வந்தாங்களே, கோட்டுப் போட்டுக்கிட்டு, அவங்கதான். வரிய எடுக்கச் சொன்னதும் நான்தான், அவங்க தப்பு இல்ல" என்றேன். அவர் கணக்கிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யாரு செஞ்சா எனக்கென்னப்பா? வழுக்காம செஞ்சு குடுக்கச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான் அண்ணி. எதற்குப் பயந்து உங்களை யாரோ ஆக்கினேனோ, அது இவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால், வெளியே போ என்று சொல்லியிருந்தால், ஏதோ ஒன்றுக்காகத்தான் செய்தேன் என்றாவது இருந்திருக்கும். ஒன்றுமில்லாததற்குச் செய்திருக்கிறேன்.

பெரியவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். படிக்கட்டு ஏறும்போதே அவர் கையை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன். நல்லாத்தான் இருக்கிறார். கவ்வியை எடுத்துக் காட்டினார். மேலே ஆணியால் தாறுமாறாகக் கீறியிருந்தது. "வாங்கின அன்னைக்கே வழுக்குச்சு. வாயால கவ்விப் பிடிச்சுக்கிட்டு நானே கீறிட்டேன்" என்று சிரித்தார். எனக்கும் நிம்மதியில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், "அன்னைக்கு ஒரு அம்மா உன்கிட்ட வழுக்காதான்னு கேட்டுச்சே, அதுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு" என்றார்.

"அவங்க எங்க அண்ணிங்க. இதச் செஞ்சதே அவங்கதான்" என்றேன்.

பெரியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் அன்று உங்களிடம் பேசியது ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் வருகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றேன் அண்ணி.

மற்றவற்றையும் திருப்பி வாங்கிவிட்டேன். பார்சல் அனுப்பியிருக்கிறேன். பெரியவர் மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார், இது நல்லாத்தான் இருக்கு என்று. மாதக் கடைசியில் ஏரிக்கரையில் மறுபடி மேசை போடுகிறோம். நீங்கள் வந்து நின்றால், நான் பெட்டி தூக்குகிறேன். பேசமாட்டேன். அண்ணனும் வந்தால்... எழுதவே கூசுகிறது. வந்தால் வாருங்கள்.

கொழுந்தன்


ஜூன் 2

அண்ணி,

நீங்கள் வந்துவிட்டுப் போனதிலிருந்து ஒன்றைக் கேட்கவேண்டும் என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தள்ளிப் போய்த் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டில் போட்டார். அவர் ஒற்றைக் கையால் முள் மாற்றுவதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் மேசைக்கு வந்தார்கள். "அங்க உக்காந்திருக்காரே, அவரு வச்சிருக்கிறது இருக்கா?" என்று கேட்டு வந்தார்கள். அவர் அதற்காகச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மீன் பிடிக்கத்தான் வந்தார். யாரிடமும் அவரைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்களும் என்னிடம் "அந்தப் பெட்டிய எடு", "தள்ளு", இந்த இரண்டைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நியாயம்தான். கேட்க வந்தது அது இல்லை. மத்தியானம் ஒரு அம்மா வந்து, கவ்வியை அழுத்திப் பார்த்துவிட்டு, "யாருங்க செஞ்சது?" என்று கேட்டார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே "நாங்கதான்" என்றீர்கள். அப்போது நான் உங்கள் பக்கத்திலும் இல்லை, அந்த அம்மாவின் பக்கத்திலும் இல்லை. மேசை முனையில் பெட்டியோடு நின்றேன்.

கேட்க நாக்கு கூசுகிறது. அந்த "நாங்க"வில் நான் இருந்தேனா அண்ணி?

கொழுந்தன்


ஜூன் 7

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத எனக்கு நேரமில்லை. உன் முதலாளி இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். எறிகுண்டு வேலை வேறு பாதியில் நிற்கிறது.

உன் அண்ணனுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. வந்தால் முகம் கொடுத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்காதே. ஆனால் உன் கட்டிலின்மேல் குவிந்து கிடந்த சாமானையெல்லாம் நேற்று எடுத்து ஒழித்து வைத்தார். ஒற்றைக் கைதானே என்று உதவிக்குப் போனேன், முறைத்தார். "யாருக்கு?" என்று கேட்டேன். "தூசி" என்றார்.

எனக்கும் முழுசாக ஆறவில்லை. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். லேத்தில் நிற்கும்போது திடீரென்று அந்த "வாங்கம்மா" காதில் விழுகிறது, கை நின்றுவிடுகிறது. கொஞ்ச நாளாகும்.

லீவு போட்டுவிட்டு வா. வரும்போது வரி வெட்டும் சக்கரம் இரண்டு வாங்கிக்கொண்டு வா. கடைக்காரன் பளபளப்பைக் காட்டி ஏமாற்றுவான், நல்ல எஃகாகப் பார்த்து வாங்கு. நம்ம பட்டறையில் இருப்பது தேய்ந்துவிட்டது.

அண்ணி